மூன்றாவது சுற்று

சனிக்கிழமை இரவு, ஐந்து ரோட்டில்,
தட்டுவடை செட்டு வண்டிக்கு முன்னால்
அந்த மீன் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.
போன வாரம் பதினெட்டு கிலோ.
இன்று தாவூத் கையை விரித்துக் காட்டியதில்
பக்கத்து ஆளின் தட்டிலிருந்து பீட்ரூட் சிதறியது.

நாங்கள் ஐந்து பேர்.
சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் கோபண்ணன்,
ஸ்டீல் பிளான்ட் கேன்டீன் தாவூத்,
ஜவ்வரிசி மில்லில் கணக்கெழுதும் பொன்னுரங்கம்,
அவர் மச்சான் இன்பநாதன், அதுவரை கடலையே பார்க்காதவர்,
அப்புறம் நான்.
தறியில் அறுந்த இழையை முடிகிற கை என்பதால்
முடிச்சுப் போடும் வேலை எனக்கு.

போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே
அம்மாப்பேட்டை மொட்டைமாடியில் வீசிப் பழகினோம்.
தண்ணீர்த் தொட்டிதான் பாரை மீன்.
குறி தப்பிய பொய்மீன் ஒன்று
தெருவைத் தாண்டிப் போய்
கேபிள் டிவி வயரில் சுற்றிக்கொண்டது.
நரம்பை வெட்டிவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கிவிட்டோம்.

தருவைகுளத்தில் படகேறி மூன்று நாள்.
குளிக்க விளாவி வைத்ததுபோல் இருந்தது கடல்.
இன்பநாதன் வாந்தியெடுத்த இடத்தில்தான்
முதல் நாள் ஊளி கூட்டமாக வந்து கடித்தது.
படகோட்டி சேசடிமை சிரிக்காமல் சொன்னார்:
'நாளைக்கும் இவர முன்னால உக்கார வைங்க.'

இரண்டாம் இரவு நங்கூரம் போட்டுப் படுத்தோம்.
தாவூத்துக்குத் தூக்கம் வரவில்லை.
'எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு மலை தட்டணும்டா எனக்கு.'
வடக்கே சேர்வராயன், தெற்கே ஜருகுமலை,
மேற்கே கஞ்சமலை.
பார்வை போய் முட்டித் திரும்புகிற ஊர்க்காரர்கள்.
இங்கே போன பார்வை போனதுதான்.

அந்த நேரத்தில், டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
மறுநாளுக்கான முடிச்சுகளைப் போட்டுக்கொண்டிருந்தேன்.
ஐந்து சுற்று வரவேண்டும்.
கோபண்ணனின் தூண்டிலில்
மூன்றாவது சுற்றின்போது படகு ஒரு ஆட்டம் ஆடியது.
மூன்றா, நான்கா?
எச்சில் தொட்டு இறுக்கினேன்.
சரியில்லை என்று விரல் சொன்னது.
தறியில் என்றால் அவிழ்த்துப் போட்டிருப்பேன்.

விடிந்து ஏழு மணிக்குக் கழி வளைந்து
தண்ணீரைத் தொட்டது.
நாற்பது நிமிடம்.
இடுப்பில் துண்டைச் சுற்றி அதில் கழியை ஊன்றி
கோபண்ணன் இழுத்தார், விட்டார், இழுத்தார்.
ஒரே ஒருமுறை அது பக்கவாட்டில் புரண்டது.
முப்பது வருஷமாக வெள்ளி உருக்குகிறவர்
'சுத்த வெள்ளிடா!' என்று கத்தினார்,
உரசிப் பார்க்காமலே.

பிறகு கழி நிமிர்ந்தது.
கழி நிமிர்வதற்குச் சத்தம் கிடையாது.

நரம்பு மட்டம் என்றான் தாவூத்.
பாறையில் உரசியிருக்கும் என்றார் பொன்னுரங்கம்.
சீலாவின் பல் என்றார் சேசடிமை.
சொல்லிக்கொண்டே நுனியைப் பிடித்து
என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார்.
பன்றிக்குட்டி வாலைப்போல் சுருண்டிருந்தது அது.
அறுந்த நரம்பு சுருளாது.
அவிழ்ந்ததுதான் சுருளும்.

ஐந்து ரோட்டில் இப்போது இருபத்திரண்டு கிலோ.
கோபண்ணன் மட்டும் எடை சொல்வதில்லை.
கொலுசைக் கையில் வாங்கினால்
கிராம் பிசகாமல் சொல்கிற மனிதர்.
'கையில வராதத எப்படிப்பா சொல்றது?'
என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.
அல்லது கடைக்காரரைப் பார்த்து.
நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன்.
சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து
இன்னொரு செட்டு கேட்டேன்,
காரம் தூக்கலாக.

வீடு திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தி
அண்ணாந்து பார்க்கிறேன்.
வயரில் அந்தப் பொய்மீன்
ஆடிக் காற்றில் துடிக்கிறது.
காக்கை இழுத்துப் பார்த்திருக்கும்போல,
ஒரு கண் இல்லை.

அதுவும் நான் போட்ட முடிச்சுதான்.
இன்னும் விடவில்லை.