வாகையடி முக்கில் இரண்டாவது மாடி

இந்தத் தெரு உறங்கப் போக
இரவு பதினொன்றேகால் ஆகும்.
ஒவ்வொரு ஷட்டருக்கும் ஒரு குரல்.
ஜெராக்ஸ் கடையில் பாதி இழுத்து, எதையோ மறந்து
உள்ளே போய்வந்து மீதியை இழுப்பார்கள்.
மருந்துக்கடை இருமும்.
பாத்திரக்கடையில் ஒரே இறக்கு,
உள்ளிருக்கும் அண்டாக்கள் எல்லாம்
ஒருமுறை 'ம்' கொட்டும்.
அதைக் கேட்டால்தான் எனக்குக் கண் சொருகும்.

"இந்தக் கூச்சல்ல ஒத்தைல எப்படி இருக்க நீ?
ரெட்டியார்பட்டி தாண்டி மனை போட்டிருக்கான்.
காத்து அப்படியே அள்ளும் கோமு" என்றான் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம்.
அள்ளத்தான் செய்தது.
என் முந்தானையை, வரைபடத்தை,
புரோக்கர் ஆவுடையப்பன் பேசிய பாதிப் பேச்சை.
சுண்ணாம்பு பூசிய கற்கள்
யாரையும் தெரியாத கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல
தள்ளித் தள்ளி நின்றன.
"இது நாப்பதடி ரோடு" என்றார். உடைமுள்.
"இது பார்க்கு" என்றார். அதுவும் உடைமுள்.
"ராத்திரி பத்து மணிக்குத் தலைவலி மாத்திரை வேணும்னா?"
"எல்லாம் வந்துரும்க்கா."
தூரத்தில் ஒரு மயில் கத்தியது.
அழகான சத்தம்தான்.
பதிலுக்கு ஒருவரும் ஏசவில்லை.

திரும்பும்போது அண்ணனை ஜங்ஷனில் இறக்கிவிடச் சொன்னேன்.
ஈரடுக்குப் பாலத்தின் அடியில்
பழக்கடைக்காரரும் ஆட்டோக்காரரும்
ஒரு முழ நிழலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.
"டவுண் டவுண் டவுண்" என்று
கண்டக்டர் என்னைப் பார்த்தே கூப்பிட்டதுபோல் இருந்தது.
ஏறினேன்.
நிற்கத்தான் இடம்.
யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போகிற மல்லிகைப் பொட்டலம் ஒன்று
என் தோளில் வழிநெடுக ஈரம் சொட்டியது.

குறை இல்லாமலா?
குழாயில் நாள் விட்டு நாள் தண்ணீர்.
மழை பெய்தால் சாக்கடை மேலேறி வந்து குசலம் விசாரிக்கும்.
ஸ்கூட்டியை நிறுத்த இடமில்லாமல்
இரண்டு தெரு தள்ளி விட்டுவிட்டு
எங்கே விட்டேன் என்று தேடியிருக்கிறேன்.
ஆனியில் தேர் வந்து இந்த முக்கில் திரும்ப மறுக்கும்.
கரண்டை நிறுத்திவிடுவார்கள்.
விசிறி ஓடாத வீட்டுக்குள்
முன்பின் தெரியாத பதினேழு பேர்
என் ஜன்னலில் முண்டியடித்து நிற்பார்கள்.
ஒருத்தி உரிமையோடு கேட்பாள்,
"தண்ணி ஐஸ் இல்லையோ?"

முக்கூடல் பேச்சிக்கு என் வீடு வெயிட்டிங் ரூம்.
ஏழு கடை ஏறி இறங்கி ஒரு ரவிக்கைத் துணி எடுத்து,
கலர் சரியில்லை என்று எட்டாவது கடைக்குப் போய்,
முதல் கடைக்கே திரும்புவாள்.
காலை நீட்டி உட்கார்ந்து,
"உனக்கென்னட்டீ, இறங்கினா கடைவீதி" என்பாள்.
கடைசி பஸ்ஸை விடுவதற்கு என்றே
இன்னொரு டீ கேட்பாள்.

போன ஐப்பசியில் காய்ச்சல்.
தினமும் காலையில் கயிற்றில் பையை இறக்குவேன்,
பாலும் பேப்பரும் ஏறி வரும்.
மூன்று நாள் பை இறங்கவில்லை.
பால்கார மைதீன் பிச்சை மாடி ஏறி வந்து
கதவைத் தட்டு தட்டென்று தட்டினார்.
"நூத்தி நாப்பது ரூவா பாக்கி இருக்குல்லா,
ஆள் இருக்கியளான்னு பாத்தேன்."
சாயங்காலம் கஞ்சி வந்தது.
அந்தக் கணக்கை அவர் எழுதவில்லை,
பழைய பாக்கியை மட்டும்
ஒன்றாம் தேதி சரியாக வாங்கிக்கொண்டார்.

அண்ணன் இப்போது போனில்.
"அட்வான்ஸ் போட்டுரவா?"
இரு, என்கிறேன்.
மணி பதினொன்று இருபது.
ஜெராக்ஸ் இறங்கியாயிற்று.
மருந்துக்கடை இருமிவிட்டது.
பாத்திரக்கடை மட்டும் பாக்கி.
யாரோ கடைசி நேரத்தில் வந்து
குத்துவிளக்குக்குப் பேரம் பேசுகிறார்கள் போல.

பேசட்டும்.