நாற்பத்தோராம் நிமிடம்

திங்கள் இரவு ஒளிபரப்பு.
புதன் காலை நெர்மின் ஓஸ்தாலின் பத்தி.
நடுவில் ஒரே ஒரு செவ்வாய்.
அன்றைக்கு மட்டும் நாங்கள் நிம்மதியாகச் சாப்பிடுவோம்.

எங்கள் தொடரில் ஒரு பகுதி
இரண்டேகால் மணி நேரம். வாரம் ஒன்று.
எழுதுகிறவர்கள் மூன்று பேர்,
இஸ்தான்புல்லில், ஜன்னல் திறக்காத ஏழாம் மாடியில்.
கீழே உறுமிக்கொண்டு நிற்கும் வண்டி
பக்கங்களைச் சூட்டோடு அள்ளிக்கொண்டு
போஸ்பரஸ் கரை வாடகை மாளிகைக்குப் பறக்கும்.
நாங்கள் அடுத்த வரிக்குத் திணறும்போது
முந்தைய வரியை அங்கே ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள்.

பதினோராம் வாரம் நெர்மின் எழுதினாள்:
"தாய் ஒன்பது நிமிடம் அழுகிறாள்.
சுற்றி ஆறு பேர் நிற்கிறார்கள்.
ஒருவர்கூட எழுந்து போய்த் தேநீர் போடவில்லை.
இது எந்த ஊர் வீடு?"

தயாரிப்பாளர் ஜெவ்தெத்
தான் பத்திரிகையே படிப்பதில்லை என்றார்,
கடைசி வாக்கியத்தை மனப்பாடமாய் ஒப்பித்துவிட்டு.
சானல்காரர் ஒரு தாளை நீட்டினார்:
நாற்பது லட்சம் பேர் கூடவே அழுதிருக்கிறார்கள்,
இந்த அம்மாவுக்கு மட்டும் தாகமாம்.
அழுத நடிகை பெரிஹான் பூங்கொத்து அனுப்பினாள்.
அது மறுநாளே திரும்பி வந்து
எங்கள் அறை வாளியில் ஒரு வாரம் நாறியது.
இயக்குநர் ஷுக்ரான் மட்டும்
"ஆமாம், போடவில்லை" என்றாள்.
அதை யாரும் காதில் வாங்கவில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவளைக் கொன்றேன்.

பதின்மூன்றாம் பகுதி. பிணவறை. எஃகு மேசை.
கால் கட்டைவிரலில் நூலில் கட்டிய சீட்டு:
நெர்மின் ஓ.
அறையே மேசையைத் தட்டிச் சிரித்தது.
ஜெவ்தெத் என் தோளில் கை போட்டது
அதுவே முதல் தடவை.

புதன் வந்தது.
"இந்த வாரம் இறந்துபோனேன். நன்றி.
மேசை சுத்தம். வெளிச்சம்
என் வயதுக்கு இரக்கம் காட்டியது.
ஒரே குறை:
நாற்பத்தோராம் நிமிடத்தில் மூச்சு விடுகிறேன்.
பிணங்களை எழுதுகிறவர்
ஒரு பிணத்தின் பக்கத்திலாவது
உட்கார்ந்திருந்தால் நல்லது."

படத்தொகுப்பு அறைக்கு ஓடினேன்.
ஒக்தாய் ஓட்டிக் காட்டினான்.
பார், அங்கே.
வெள்ளைத் துணி எள்ளளவு எழுந்து தணிகிறது.
இன்னொரு முறை ஓட்டச் சொன்னேன்.
நாட்கூலிக்கு வந்த பெண்,
காலையில் ரொட்டிக் கடையில் வேலை,
சில்லிட்ட எஃகில் முடிந்தவரை மூச்சடக்கியிருக்கிறாள்.
நீளம் போதவில்லை என்று அந்தக் காட்சியைப்
பதினான்கு விநாடி இழுத்தவர்கள் நாங்கள்.

நாற்பது லட்சம் பேரில்
யாரும் அதைப் பார்க்கவில்லை.
கண்கொத்திப் பாம்பு ஒன்றே பார்த்தது.

இஸ்மிரில் என் அப்பா இறந்த இரவு
நான் ஆறாம் பகுதி எழுதிக்கொண்டிருந்தேன்.
அது அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

பதினேழாம் வாரம் தொடரை நிறுத்தினார்கள்.
அந்தப் புதன்கிழமை அவள்
ஏதோ சமையல் போட்டியைப் பற்றி எழுதியிருந்தாள்.
இருமுறை தேடினேன்,
எங்களைப் பற்றி ஒரு வசவுகூட இல்லை.

இப்போது வேறு தொடர்.
மூன்றாம் பகுதியில் ஒரு சாவு வீடு.
எல்லோரும் அழும்போது
இளைய மருமகள் சமையலறைக்குப் போகிறாள்.
முதல் தீக்குச்சி அணைகிறது. இரண்டாவது பற்றுகிறது.
கெண்டி பாட ஆரம்பிக்கும்வரை
அவள் சுவரைப் பார்த்து நிற்கிறாள்.
ஒன்றும் நடக்கவில்லையே, வெட்டு என்றார் ஜெவ்தெத்.
நீளம் போதாததால் தப்பியது.

புதன் காலை, காதிகோய் படகில்,
துறையில் வாங்கிய நாளிதழைக்
காற்றோடு மல்லுக்கட்டிப் பிரித்தேன்.
அவள் ஒரே வரி எழுதியிருந்தாள்:
"அந்த வீட்டில் இருப்பது மின்சார அடுப்பு.
தீக்குச்சி எதற்கு?"

சிரித்த சிரிப்பில்
பக்கத்து ஆளின் தேநீர் சிந்தியது.
அப்புறம்தான் காதுமடல் சுட்டது.
உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன்:
எரிவாயு.