பம்புக்கு எட்டாதது

போன வாரம் தொலைபேசியில் கேட்டபோது
"பெட்ரோல் உண்டு" என்றாள் காரி ட்ரெவார்த்தா.
உண்டு என்றால் எத்தனை லிட்டர் என்று
நான் கேட்கவில்லை.

நுல்லாரியில் ஒரு செம்மண் ஓடுதளம், ஒரு தகரக் கொட்டகை.
வருஷத்தில் இரண்டு நாள் மட்டும்
ஆஸ்திரேலியாவின் இந்த மூலையில்
நாற்பது சின்ன விமானங்கள் வந்து இறங்கும்.
இறக்கைக்கு அடியில் கூடாரம்,
ஆட்டுக்கறி சுடும் புகை,
யாருடைய இன்ஜின் நல்ல இன்ஜின் என்று
தீராத வாக்குவாதம்.

சனி மாலை செய்தி வந்தது.
எரிபொருள் லாரி ஓடைக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.
இங்கே ஒரு சொட்டு மழையில்லை.
எங்கோ வடக்கே, முந்தாநாள் பெய்தது,
நடந்தே வந்து சேர்ந்திருக்கிறது.

கொட்டகையில் ஆறு பீப்பாய்.
ஒன்றின் மூடியில் தேதி அழிந்திருந்தது.
பந்தியில் உட்காரவிடாத விருந்தாளியைப் போல
காரி அதைத் தனியே உருட்டி வைத்தாள்.
மீதி ஐந்து. ஆயிரம் லிட்டர்.

கரும்பலகையில் எழுதினாள்:
"ஹாலிடன் வரை போக யாருக்கு எவ்வளவு?"
ஹாலிடன்தான் அடுத்த பம்ப்.
நூற்று நாற்பது கடல்மைல்.

அளவுகோலைத் தொட்டிக்குள் விட்டுப் பார்த்தேன்,
இடது இறக்கை, வலது இறக்கை.
ஐம்பத்திரண்டு இருந்தது.
அரைமணி நேரக் கையிருப்பையும் சேர்த்து
பதினைந்து போதும் எனக்கு.
முப்பத்தைந்து என்று எழுதினேன்.
எதிர்க்காற்று வரலாம் அல்லவா.

டென்சில் பாஸ்கோ தன் மஞ்சள் ஆஸ்டருக்குப் பன்னிரண்டு எழுதினார்.
அடிலெய்டு டாக்டர் நூற்று இருபது எழுதினார்;
ஆறு இருக்கை, பசி அதிகம்.
குட்டி விமானத்துப் பையன்கள் எழுதவேயில்லை.
கார் பெட்ரோலே குடிக்கும் இன்ஜின் அது;
பழைய டிரக்கில் குழாய் விட்டு உறிஞ்சிக்கொண்டார்கள்,
முகம் சுளித்துத் துப்பித் துப்பி.

கூட்டிப் பார்த்தால் ஆயிரத்து நூற்று நாற்பது.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
காரி கூட்டுத்தொகையை மட்டும் அழித்துவிட்டு
தூங்கப் போனாள்.

இரவு முழுக்கக் கொட்டகைப் பக்கம் டார்ச் வெளிச்சம்.
ஒருவர் போவார், வருவார்.
பிறகு இன்னொருவர்.
நானும் எழுந்தேன்.
ஒன்றுக்குப் போய்விட்டுத் திரும்பிப் படுத்தேன்.

காலையில் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து.
டாக்டருடையது எழுபதாகியிருந்தது.
பன்னிரண்டு எட்டாகியிருந்தது.
என் முப்பத்தைந்து நேற்றைய சாக்பீஸில்
கலையாமல் இருந்தது.

கைப்பம்பு, புனல், புனலில் மான்தோல்,
இறக்கையிலிருந்து தரைக்கு ஒரு கம்பி.
கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெயிலில் காட்டினார்கள்:
இளநீலம், அடியில் தண்ணீர் இல்லை.
என் முறை வந்தது. ஊற்றினேன். கையெழுத்திட்டேன்.

கணக்கு சரிதான்.
ஆனால் ஒவ்வொரு பீப்பாயின் அடியிலும்
நாலு லிட்டர் பம்புக்கு எட்டாது
என்பதைக் கணக்கில் யாரும் வைக்கவில்லை.
கடைசியாக வந்த பாஸ்கோவுக்கு
மூன்று லிட்டர் வந்தது, பிறகு காற்று.
"செவ்வாய்க்கிழமை லாரி வந்துவிடும்" என்றார்.
பூனைக்குச் சோறு வைக்கச் சொல்லி
பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணினார்.
மடித்த கூடாரத்தை மறுபடி விரித்தார்.

நான் கிளம்பினேன்.
வழியெல்லாம் பின்காற்று,
முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல.

ஹாலிடனில் இறங்கி அளவுகோலை விட்டேன்.
நாற்பத்தைந்தில் ஈரம்.
இருபது லிட்டர் என்பது பதினாலரைக் கிலோ.
அதைத் தூக்கிக்கொண்டு வானத்தில்
நூற்று நாற்பது மைல் வந்திருக்கிறேன்.

பத்திரமாகச் சேர்ந்ததைச் சொல்லக் காரியை அழைத்தேன்.
பாஸ்கோ இறக்கை நிழலில் தூங்குகிறார் என்றாள்.
"காற்று எப்படி இருந்தது?"

"எதிர்க்காற்று" என்றேன்.