ஈரத்துக்கு இரண்டு கிலோ

நேற்றிரவும் எழுந்து போனேன்.
வானத்தில் ஒரு துண்டு மேகமில்லை.
டோர்ச் வெளிச்சத்தில் மழைமானி
கழுவி வைத்த தம்ளர் போலக் காய்ந்திருந்தது.
நெஞ்சு மட்டும்
தகரத்தில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி.

மேல்கணக்கு லயத்தில்
மழை அளக்கிற வேலை என்னுடையது.
சம்பளமில்லை. ஒரு மழைக்கோட்டு, ஒரு கொப்பி,
சிவப்புக் கோட்டைத் தாண்டினால் ஊத ஒரு விசில்.
மூன்று வருஷத்தில் இரண்டு தடவை ஊதினேன்.
ஒரு தடவை ஆளில்லாத லயத்தின்மேல் மலை இறங்கியது.
மற்றத் தடவை இறங்கவில்லை.
பள்ளிக்கூட மண்டபத்தில் விடிய விடியக் குந்தியிருந்த சனம்
அதற்கும் என்னைத்தான் பார்த்தது.

அதிலிருந்து
பீலித் தண்ணீர்ச் சத்தத்துக்கே கை குளிர்கிறது.
கவிஷான் பள்ளிவிட்டு வரப் பத்து நிமிஷம் பிந்தினால்
மனசுக்குள் அவன் கருமாதியே முடிந்திருக்கும்.
தொண்டைக்குள் யாரோ சாக்கு தைக்கிறார்கள்.

ஹப்புத்தளை ஆஸ்பத்திரியில்
நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள்.
ஒன்றுமில்லை என்றார் டொக்டர்.
அந்த ஒன்றுமில்லையைச் சுமந்துகொண்டு
வாசலுக்கு வந்தபோது
சுஜீவா மிஸ்ஸி பின்னால் வந்து அரைத் தமிழில்,
"விடுற மூச்சு நீட்டு. வாங்குறது தானா வரும்."

பிறகொரு பின்னேரம் நிறுவைக்கு நின்றேன்.
பதினெட்டுக் கிலோ. கணக்கப்பிள்ளை
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு வெட்டிப்
பதினைந்து என்று எழுதினார்.
இருபது வருஷமாய் வயிறெரிந்த வெட்டு.
அன்றைக்குத்தான் பட்டது:
என் பயத்தை ஒருநாளும் நான் வெட்டி நிறுக்கவில்லை.
சாக்கோடு, ஈரத்தோடு, அப்படியே முதுகில்.

இப்போது நெஞ்சு அடிக்கத் தொடங்கினால்
கொப்பியைத் திறக்கிறேன்.
மழை: இல்லை.
சுவர் வெடிப்பு: போன கிழமை போலவே, விரல் நுழையாது.
கவிஷான்: பக்கத்தில், வாயைத் திறந்தபடி.
அன்றைய மலையின் சத்தத்துக்கு இரண்டு கிலோ.
சனத்தின் பார்வைக்கு ஒன்று.

மிச்சம் வரும்.
எப்படி வெட்டினாலும் வரும்.
மலை உண்மையாகவே மேலேதான் இருக்கிறது.
வேறிடத்தில் வீடு தருகிறோம் என்ற கடதாசி
உண்மையாகவே பழுத்துப் போயிருக்கிறது.
அது என் கொழுந்து. அதைச் சுமப்பேன்.

சில இரவுகளில் கணக்கே வராது.
அப்போது இஸ்தோப்பில் உட்கார்ந்து
விசிலை வாயில் வைத்து
சத்தம் எழும்பாத அளவுக்கு
மெதுவாக, நீட்டி,
மூச்சை மட்டும் விடுகிறேன்.
நாய் ஒரு தடவை தலை தூக்கிப் பார்த்துவிட்டுப்
படுத்துக்கொள்கிறது.