பார்லி மணியளவு

உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றி
உன்னை அனுப்புகிறார்கள்.
காற்றுக் குழாய் வழியே மூன்று மாடி இறங்கி
என் மேசைக்கு வருகிறாய், எண்டெல்,
பார்லி மணியளவு.

மீதியுள்ள நீ மேலே,
மண்டை திறந்து, விளக்கடியில்.
நாம் சந்தித்ததில்லை.
சந்திக்கப் போவதுமில்லை.

படிவத்தில் உனக்கு நான்கு வரி:
வயது அறுபத்து நான்கு.
மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டுபவர், வால்கா பக்கம்.
இடது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே ஒரு நிழல்.
ஆறு வாரமாகச் சொற்கள் வழுக்குகின்றன,
படகைக் கதவு என்கிறார்.

அந்தக் கடைசி வரியை யாரோ அடித்துவிட்டு
மறுபடி எழுதியிருக்கிறார்கள்.

லேலோ தகடுகளைத் துடைத்துத் தருகிறாள்.
ஒரு கண்ணாடியின் மேல் இன்னொன்று,
நடுவில் நீ.
அழுத்தி, இழுக்கிறேன்.
கைதான் முதலில் படிக்கும்.
மூளை உறையில் முளைத்தது என்றால்
ரப்பர்போல் முரண்டு பிடிக்கும்.
மூளைக்குள்ளேயே வேரோடியது
இழையிழையாய் இழுபடும்.
நீயோ
வெண்ணெய்.
இவ்வளவு சுலபமாய் வந்தது
எனக்குப் பிடிக்கவில்லை.

ஆல்கஹால். நீலம். தண்ணீர். சிவப்பு.
லேலோ வாய்க்குள் நொடி எண்ணுகிறாள்.
சுவர்க் கடிகாரத்தை அவள் நம்புவதில்லை.
வெளியே தார்த்து நகரத்து டிசம்பர்;
மூன்று மணிக்கே வெளிச்சம்
கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது.

மேலே அவர்களிடம் புது இயந்திரமும் இருக்கிறது.
லேசர். சாயம் வேண்டாம், தகடு வேண்டாம்,
இரண்டே நிமிடம்.
பொய்ச் சிவப்பும் பொய் ஊதாவுமாய்
உன் படம் முன்பே வந்து
என் திரையில் உட்கார்ந்திருக்கிறது.
ஓரத்தில் அதன் கருத்து:
க்ளையோமா, ஐம்பத்து நான்கு சதவீதம்.
தோளைக் குலுக்க
இயந்திரம் கற்றுக்கொண்ட விதம் அது.

தொலைபேசி.
ஹில்லார் வணக்கம் சொல்வதில்லை.
"என்ன?"
பின்னால் உறிஞ்சுகுழல் இரைகிறது.
"நான்கு நிமிடம்."
"பேச்சுப் பகுதி ஒரு விரலகலத்தில் இருக்கிறது.
பெரிதாய் எடுக்கவா, கிள்ளி எடுக்கவா?"
"நான்கு நிமிடம்."

குனிகிறேன்.
பெரிய கருக்கள், நெளிந்த விளிம்பு.
ஒன்றின் கையை ஒன்று பிடிக்காமல்
இரத்தக்குழாயைச் சுற்றி நிற்கின்றன,
கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர்கள்போல்.
நார் தேடுகிறேன்.
நகர்த்தித் தேடுகிறேன்.
நாரே இல்லை.

"ஸ்டீராய்டு கொடுத்தீர்களா?"
"இல்லை. நீதானே வேண்டாமென்றாய்."
கொடுத்திருந்தால் இவை கரைந்து போயிருக்கும்;
எனக்கு வெறும் ஈரம்தான் வந்திருக்கும்.

"லிம்ஃபோமா. வெட்டாதே."

உறிஞ்சுகுழல் நிற்கிறது.
இத்தனை நேரம் அது இரைந்ததே
நின்ற பிறகுதான் காதுக்கு உறைக்கிறது.

"நிச்சயமா?"
"தொண்ணூறு" என்கிறேன்.
நானும் ஒரு எண்ணுக்குள் ஒளிந்துகொள்கிறேன்.
"இன்னும் இரண்டு மணி அனுப்பிவிட்டு
மூடு."

கெட்ட செய்திதான், எண்டெல்.
கத்தி வேண்டாத கெட்ட செய்தி,
மருந்துக்கு இளகக்கூடியது.
பத்து வருடத்தில் முதல்முறையாக
புற்று என்று சொல்லிவிட்டு
லேலோவைப் பார்த்துச் சிரித்தேன்.
உடனே வெட்கமாகி
லென்ஸைத் துடைத்தேன்.

மருந்து கேட்டால்
வசந்தத்தில் ஒருநாள் படகு
மறுபடி படகாகும்.
கேட்காவிட்டால்,
ஏரிக்கரையில் யாராவது உன்னோடு நின்று
ஆமாம், கதவுதான் என்று
ஒத்துக்கொள்ளட்டும்.

குழாயில் தொப்பென்று அடுத்தது.
யாருடைய தைராய்டோ.
லேலோ எண்ணத் தொடங்குகிறாள்.