அலமாரியை நடத்துகிறவள்

முதலில் கராத்தேக்குப் போனேன்.
காரைக்குடி செக்காலை ரோட்டில்
செல்போன் கடைக்கு மேலே தகரக் கொட்டகை.
என் இடுப்பு உயரப் பையன்
என் காது உயரத்துக்கு உதைத்தான்.
எனக்கு முழங்கால் மட்டத்தோடு நின்றுபோனது.
இரண்டு பிரசவம், நாற்பத்தொரு வயது, எழுபத்தாறு கிலோ.
"வீட்ல ஏதும் பிரச்சினையாம்மா?"
தனியே கூப்பிட்டு விசாரித்தார் கார்மேகம் மாஸ்டர்.
நல்ல மனிதர்.
பாதிக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்தது சிலம்பம்.
கழனிவாசல் பொட்டலில், விடிய ஐந்தரைக்கு.
கம்பு சுழல்கிற சத்தம் பிடித்திருந்தது,
யாரோ காற்றில் காடாத்துணி கிழிக்கிற மாதிரி.
ஆனால் வலது தோள்,
போன ஆடியில் கதவுநிலை சரிந்து விழுந்த தோள்,
காதுக்கு மேலே ஏற மாட்டேன் என்றது.
நாலாம் நாள் என் கம்பு என் நெற்றியிலேயே இறங்கியது.
பக்கத்தில் நின்றவள் ஐஸ் வைத்துக்கொண்டே கேட்டாள்:
"யாரை அடிக்கணும்க்கா உனக்கு?"

யாரையும் இல்லை என்றேன்.
இருந்தான் ஒருவன்.
குடோனில், பித்தளை அண்டாக்களுக்குப் பின்னால்
மணிக்கட்டைப் பிடித்தவன்.
இப்போது திருப்பூரில் இருக்கிறான்.
அவனுக்காக மட்டும் என்றால்
ஐந்தரைக்கு எழுந்திருக்க மாட்டேன்.

தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு கல்யாண மண்டபம்.
முகூர்த்தம் இல்லாத நாளில் பந்திக்கூடத்தில் ஜூடோ.
தார்ப்பாய்க்கு அடியில் தென்னைநார் மெத்தை,
அதற்கும் அடியில் போன வாரத்துச் சாம்பார் வாசனை.
ஷைனிக்கு இருபத்து மூன்று வயது.
ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை.
எவ்வளவு எடை, எங்கே வலிக்கும்,
பகலெல்லாம் என்ன வேலை?
"முனீஸ்வரன் கோயில் தெருவுல
பழைய சாமான் கடை" என்றேன்.
எழுதிக்கொண்டாள்.

மூன்று வாரம் விழுவது மட்டும்தான்.
தாடை நெஞ்சோடு. உள்ளங்கையால் தரையில் ஓர் அறை.
பின்னால் விழு, பக்கத்தில் விழு, உருண்டு விழு.
வாட்ச்மேன் டார்ச்சோடு ஓடி வந்தார்,
"யாரு யாரைப் போட்டு அடிக்கிறீங்க?"
தரையைத்தான் அண்ணே.

பிறகு ஆள் கொடுத்தாள்.
முத்துராக்கு, இன்ஜினியரிங் இரண்டாம் வருடம், எண்பத்து நான்கு கிலோ.
இழுத்தேன், தள்ளினேன்,
பாதாம் மரம் மாதிரி நின்றான்,
நடுவில் ஒரு கொட்டாவி கூட விட்டான்.

"அக்கா, கடையில பெரிய அலமாரியை எப்படி நகத்துவீங்க?"

தூக்க மாட்டோம் ஷைனி, தள்ளவும் மாட்டோம்.
மேல்விளிம்பைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்ப்போம்.
பாரம் மொத்தமும் ஒரு மூலைக்காலுக்கு வந்துவிடும்.
அப்போது லேசாகத் திருப்பினால் போதும்.
அப்புறம் மறு மூலை.
பர்மாத் தேக்கு, ரசம் போன கண்ணாடி, இருநூறு கிலோ,
தெருமுனை லாரி வரைக்கும் நடந்தே வரும்
பள்ளிக்கூடம் போகப் பிடிக்காத பிள்ளை மாதிரி...

சொல்லும்போதே என் கை காற்றில் சாய்ந்திருந்தது.
ஷைனி ஒன்றும் சொல்லவில்லை.
முத்துராக்கு ஒரு எட்டு பின்வாங்கினான்.

காலரையும் சட்டைக்கையையும் பிடித்தேன்.
முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைப் பார்த்தேன்.
அலமாரிக்கே நான்கு கால்.
வலப்பக்கம் சாய்த்தேன்,
பாரம் வந்து இறங்கியது எனக்குத் தெரிந்தது,
இருபது வருடமாகத் தெரிந்த அதே இறக்கம்.
அந்தக் காலைத் தட்டிவிட்டேன்.

அழகாக ஒன்றும் இல்லை.
அவன்மேலேயே நானும் விழுந்தேன்,
முடிக் கிளிப் மூன்று துண்டு.
தோள் வலிக்கவில்லை என்பது
தண்ணீர் குடிக்கும்போதுதான் உறைத்தது.

நேற்று திருப்பத்தூர் பஸ்ஸில் நிற்க இடமில்லை.
குன்றக்குடி வளைவில் எல்லாரும் ஒரு பக்கம் சாய,
கண்டக்டருக்கு இடது கால்,
கீரைக்கட்டுக்காரிக்கு வலது,
தூங்கி விழுகிற போலீஸ்காரருக்கு இரண்டுமே இல்லை
என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.
பொங்கலுக்கு ஊருக்கு வருகிறானாம் அவன்.
முதலாளி சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்.

வரட்டும்.
செவ்வாய்க்கிழமை முகூர்த்தம் இல்லை,
ஆறு மணிக்குப் பந்திக்கூடம் திறந்திருக்கும்.
இன்னும் எனக்கு
இடப்பக்கம் விழ வரவில்லை.