காலி வண்டி

சங்ககிரியில் வாய்வரை நிரப்பமாட்டார்கள்.
வெயிலில் விரியும், இடம் விடு என்கிறது விதி.
எர்த் ஒயர் கழற்றி, சீல் எண் சரிபார்த்து,
தீப்பெட்டி இல்லாத சட்டைப்பையோடு ஏறுகிறேன்.

இருபது கொண்டை ஊசியிலும்
நான் திரும்பி முடித்த பிறகே
பின்னால் திரும்புகிறது பெட்ரோல்.

ஏற்காடு பங்கில் இறக்கியாயிற்று.
கிளீனர் நல்லான் ஆரஞ்சுப் பலகையைக் காட்டுகிறான்:
"காலி வண்டிதான, இந்த 1203ஐ மூடிரலாமாண்ணா?"

மூடாதே.
நிறைந்திருக்கும்போதுகூட அத்தனை பயமில்லை.
போன பிறகும் உள்ளே நிற்கிறதே ஆவி,
அதுதான் பற்றும்.
இரண்டாவது கியரில், பனியோடு இறங்கினோம்.

அஸ்தம்பட்டியில் வீடு.
வாசலிலேயே சட்டையை வாங்கி
வெளிக்கொடியில் போடுகிறாள் கனகு,
அடுப்பை அணைத்துவிட்டு வந்து.
அது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை.